குழாய்க்காரர் பதில்கள்: வந்தவர்களால்தான் தண்ணீர் நின்றதா?

பிழைப்பு தேடிக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வருகிறவர்களால் வளரும் நாடுகளில் தண்ணீர், சாக்கடை, ரோடு, கரண்ட் எல்லாம் என்ன பாடு படுகின்றன என்று கேட்டு இந்த மாதம் நிறையக் கடிதங்கள். அவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புது வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய நகரத்தின் குடிநீர்க் குழாய்களையும் பாதாளச் சாக்கடையையும் கட்டி மேய்த்த பொறியாளன். பொருளாதாரம் படித்தவன் இல்லை. அதனால் எதைக் கேட்டாலும் பதில் சுற்றிச் சுற்றிக் குழாய்க்கே வந்து நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் குடியிருப்பில் காலை முழுக்கத் தண்ணீர் வரும். சுற்றிலும் கிராமத்து ஜனங்கள் வந்து குடியேறிய பிறகு ஒரு மணி நேரம்தான் வருகிறது. வந்தவர்கள்தானே காரணம்? பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

பதில்: பூசாமலே சொல்கிறேன். பாதி சரி. அதுவும் சின்னப் பாதி.

ஒரு குழாயைப் புதைக்கும்போது, முப்பது வருஷம் கழித்து அந்தத் தெருவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அதன் விட்டத்தை முடிவு செய்வோம். அத்தனை பேரும் பன்னிரண்டு வருஷத்திலேயே வந்துவிட்டால் குழாய் திணறத்தான் செய்யும். அது உங்கள் பக்க நியாயம். ஆனால் வந்தவர்கள் எவ்வளவு எடுக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் இல்லையா? பொதுக் குழாயில் பிடித்து இடுப்பில் வைத்துத் தூக்கிப் போகிறவர் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம் செலவழித்தால் அதிகம். தோட்டத்துக்கு ரப்பர் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே போய் டிவி பார்க்கிறவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மீதித் தண்ணீர் எங்கே போகிறது? ஒரு ராத்திரி அதைக் காதாலேயே கேட்டேன். ஒரு பகுதிக்குள் போகிற ஒரே பெரிய குழாயில் மீட்டர் மாட்டியிருந்தோம். மணி இரண்டு. யாரும் குளிக்கிற நேரமில்லை, துவைக்கிற நேரமுமில்லை. மீட்டர் முள் கிட்டத்தட்ட நிற்க வேண்டும். பகல் வேகத்தில் பாதிக்கு ஓடிக்கொண்டிருந்தது. என்னோடு வந்த வால்வு ஆள் ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வு மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் ஒட்டிவைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “உள்ள மழை பேயுது சார்” என்றார். குழாய் ஒழுகுகிற அந்த மழை எந்தக் கிராமத்தானும் வருவதற்கு முன்னாலிருந்தே பெய்துகொண்டிருந்தது.

இன்னொன்று. ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுவதே ஒரு நோய். குழாய் காலியாகிக் கிடக்கும் இருபத்துமூன்று மணி நேரமும், ஒழுகுகிற ஓட்டை வழியாகவே வெளிச் சாக்கடை உள்ளே கசியும். தண்ணீர் மறுபடி வரும்போது முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வந்து இணைப்புகளில் மோதும், ஓட்டை பெரிதாகும். வராது என்ற பயத்தில் வசதி உள்ளவர்கள் தரைத் தொட்டி கட்டி, குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். கடைக்கோடி வீட்டுக்குச் சொட்டுக்கூடப் போகாது. கடைக்கோடி வீடு யாருடையது? பெரும்பாலும் கடைசியாக வந்தவருடையது. மீட்டர் மட்டும் காற்றுக்கும் சேர்த்துச் சுற்றும்.

கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படையினர் ஆட்சியைப் பிடித்து அந்த நகரத்தையே காலி செய்தார்கள். 1979இல் அவர்கள் ஆட்சி விழுந்த பிறகு ஜனங்கள் திரும்ப நிரம்பினார்கள். அதில் ஏகப்பட்ட பேர் கிராமத்திலிருந்து முதல்முறையாக நகரத்துக்கு வந்தவர்கள். 1993இல் எக் சோன் சான் என்ற பொறியாளர் குடிநீர் வாரியத்துக்குத் தலைவரானபோது, உற்பத்தியாகும் தண்ணீரில் 72 சதவீதம் காசாகாமல் எங்கோ போய்க்கொண்டிருந்தது. திருட்டு இணைப்புகளை ஒழுங்குபடுத்தினார், எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார், ஒழுகலை அடைத்தார். ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தைக் குறைத்தார், பெரிய மனிதர்களிடம் பாக்கியை வசூலித்தார். மீட்டர் வைக்கப் போன இடத்தில் ஒரு ராணுவ அதிகாரி துப்பாக்கியை நீட்டிய கதையை அவரே சொல்லியிருக்கிறார். பத்துப் பதினைந்து வருஷத்தில் இழப்பு சுமார் 6 சதவீதத்துக்கு இறங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வந்தது. 2006இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். அந்த நகரத்தில் இத்தனைக்கும் ஜனத்தொகை ஏறிக்கொண்டேதான் இருந்தது.

அப்புறம் ஒரு கணக்கு. வளரும் நாடுகளின் நகர ஜனத்தொகை வளர்ச்சியில் ஏறக்குறைய அறுபது சதவீதம், நகரத்திலேயே பிறக்கும் குழந்தைகளால் வருவது என்று ஐ.நா. ஆய்வுகள் சொல்லிவந்தன. மீதிதான் வெளியிலிருந்து வருகிறவர்களும், நகரம் விரிந்து விழுங்கிக்கொண்ட பக்கத்துக் கிராமங்களும். உங்கள் பேரப்பிள்ளைகளும் குழாய்க்குக் கூட்டம்தான் சார். அவர்களை யாரும் குறை சொல்வதில்லை.

கேள்வி: கிராமத்திலிருந்து வந்தவர்களுக்குப் பாதாளச் சாக்கடையைப் பயன்படுத்தத் தெரியவில்லை, அதனால்தான் அடைத்துக்கொள்கிறது என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். உண்மையா?
– கட்டடக்கலை மாணவி

பதில்: உங்கள் பேராசிரியர் ஒரு மேன்ஹோல் மூடியையாவது திறந்து பார்த்திருக்கிறாரா என்று கேட்க ஆசை. நீங்கள் கேட்டுவிடாதீர்கள், மதிப்பெண் போய்விடும்.

சாக்கடைக் குழாய்க்கு ஒரே ஒரு ரகசியம்தான். உள்ளே ஓடும் நீர் வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். அதற்குக் கீழே போனால் மண்ணும் மலமும் அடியில் படியும், படிந்தது இறுகும், இறுகினால் அடைப்பு. வேகம் குறைவதற்குக் காரணம் பல சமயம் தண்ணீர் போதாமை. ஒரு குடம் தண்ணீரை மூன்று வேலைக்குப் பயன்படுத்துகிற தெருவில் சாக்கடைக்கு என்ன மிஞ்சும்? இதற்கு நேர் எதிரான தெருவும் உண்டு. நாற்பது தனி வீடுகளுக்காகப் போட்ட எட்டு அங்குலக் குழாய். வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக மாடி மேல் மாடி எழுப்பி, அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். நகரத்துக்கு வந்த முதல் வருஷம் ஆள் தங்குவது அந்த அறைகளில்தான். நாற்பது குடும்பம் நானூறாகிவிட்டது, குழாய் அதே எட்டு அங்குலம். மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரையும் அதிலேயே திருப்பிவிடுவார்கள். வாடகையை வாங்கியவர் ஒருவர், அடைப்புக்குத் திட்டு வாங்குகிறவர் இன்னொருவர்.

சாக்கடையே போகாத பகுதிகள் இன்னும் மோசம். வீட்டுக்கடியில் குழி. குழி நிறைந்தால் உறிஞ்சுகிற லாரி. லாரி போய்க் கொட்டுவது, இருட்டிய பிறகு, கண்ணில் படும் முதல் கால்வாயில். கென்யாவின் தலைநகர் நைரோபியில், கிபெரா குடிசைப் பகுதியில் கழிப்பறை இல்லாதவர்கள் பிளாஸ்டிக் பையில் போய், முடிந்து, தூக்கி எறிவார்கள். அதற்குப் ‘பறக்கும் கழிப்பறை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். கேட்கச் சிரிப்பு வரும். பை விழுகிற கூரைக்குக் கீழே படுத்திருப்பவருக்கு வராது.

பயன்படுத்தத் தெரியாதவர்கள் என்று சொன்னீர்களே, கராச்சியின் ஒராங்கிக்கு வருகிறேன். ஊர் ஊராக வந்து குடியேறிய லட்சக்கணக்கானவர்கள்; அரசாங்கத்தின் பார்வையில் அங்கீகாரம் இல்லாத குடியிருப்பு. 1980இல் அக்தர் ஹமீது கான் என்ற பெரியவர் அங்கே போய் உட்கார்ந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். சாக்கடை என்றார்கள். அரசாங்கம் இலவசமாகச் செய்யும் என்று காத்திருந்தார்கள். செய்யாது என்று அவர் சொன்னார். சந்து ஒன்றுக்கு இருபது முப்பது வீடு. அந்தச் சந்துக்காரர்களே தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராக வைத்து, பணம் வசூலித்து, தாங்களே தோண்டிக் குழாய் பதித்தார்கள். அவர் தொடங்கிய ஒராங்கித் திட்டத்தார் மட்டம் பார்த்தார்கள், வரைபடமும் கருவியும் கொடுத்தார்கள், காசு மட்டும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சின்னத் தொட்டி. கனமானது அதில் தங்கிவிடும், நீர் மட்டும் போகும். காண்ட்ராக்டர் லாபமும் அலுவலகச் செலவும் இல்லாததால் அரசாங்கம் செய்தால் ஆகும் செலவில் ஒரு சிறு பங்கில் வேலை முடிந்தது. வீடும் சந்தும் ஜனங்கள் பொறுப்பு, பெரிய குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசாங்கப் பொறுப்பு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

என் தொழிலில் எனக்குப் பொறாமை வந்த ஒரே இடம் அது. அங்கே சாக்கடையோடு நிலத்தையும் வரைபடம் போட்டுக்கொண்டே வந்த பர்வீன் ரஹ்மானை 2013இல் சுட்டுக் கொன்றார்கள். ஒரு காலி இடம் யாருடையது, எந்தக் கால்வாய் எங்கே அடைபட்டது என்று காகிதத்தில் எழுதிவைப்பது சில இடங்களில் உயிருக்கு ஆபத்தான வேலை.

கேள்வி: நகரத்துக்குள் வர அனுமதிச் சீட்டு முறை கொண்டுவந்தால் என்ன?
– ஒரு வாசகர்

பதில்: செய்து பார்த்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவர் நகரத்தில் இருக்கப் பாஸ் வேண்டும் என்றிருந்தது, 1986இல் கைவிட்டார்கள். அதற்குள் தொழிலாளர்களை நகரத்துக்கு வெளியே தூரத்தில் ஒதுக்கிக் குடியிருப்புகள் எழும்பிவிட்டன. சட்டம் போய்விட்டது, தூரம் போகவில்லை. இன்றைக்கும் விடிவதற்கு முன் பஸ் பிடிக்கிறார்கள். அத்தனை நீளத்துக்கும் ரோடு, குழாய், கம்பி இழுத்தாக வேண்டும். சீனாவில் 1958 முதல் ஹுகோ என்ற பதிவு முறை. ஆலைகள் கூப்பிட்டபோது கோடிக்கணக்கானவர்கள் வரத்தான் செய்தார்கள். நகரத்தில் வேலை செய்யலாம், ஆனால் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கஷ்டம் என்ற நிலைதான் மிச்சம். சீட்டைக் காட்டினால்தான் தாகம் எடுக்கும் என்று ஒரு சட்டம் போட முடிந்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: குடிசைப் பகுதிக்குத் தண்ணீரும் கரண்டும் கொடுத்தால் அதைக் கேள்விப்பட்டு இன்னும் நிறையப் பேர் கிளம்பி வருவார்கள். கொடுக்காமல் இருப்பதே கட்டுப்பாடு அல்லவா?
– தொழிலதிபர் ஒருவர்

பதில்: இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, தள்ளிவிட மாட்டேன். 1970இல் ஜான் ஹாரிஸ், மைக்கேல் டொடாரோ என்ற இரண்டு பொருளாதாரக்காரர்கள் ஒன்று சொன்னார்கள். கிராமத்தான் நகரத்துச் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கிளம்புவதில்லை. அந்த வேலை தனக்குக் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதையும் சேர்த்து மனதுக்குள் கணக்குப் போடுகிறான். ஆகவே நகரத்தில் நூறு வேலை உண்டாக்கினால் நூற்றைம்பது பேர் வந்து, வேலை இல்லாதவர் எண்ணிக்கை கூடவும் செய்யலாம். சரி. ஆனால் அந்தக் கணக்கில் இருப்பது வேலை. பொதுக் குழாயில் தண்ணீர் வருகிறதாம் என்று நிலத்தை விட்டுக் கிளம்பி வந்த ஒருவரை என் முப்பத்தொரு வருஷத்தில் நான் பார்க்கவில்லை.

வேலை இருந்தால், இடம் கொடுக்காவிட்டாலும் வருவார்கள். பிரேசில்காரர்கள் பிரேசிலியா என்று ஒரு புத்தம்புது தலைநகரம் கட்டினார்கள். திறப்பு விழா 1960 ஏப்ரலில். அதைக் கட்ட வந்த கூலிக்காரர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பதை வரைபடத்தில் சரியாக யோசிக்கவில்லை. திறப்பு விழாவுக்கு இரண்டு வருஷம் முன்பே, 1958இல், தொழிலாளர்களுக்காகத் தகுவாட்டிங்கா என்ற துணை நகரம் தள்ளி ஓரிடத்தில் முளைத்துவிட்டது. நகரம் பிறக்கும் முன்பே அதன் புறநகர் பிறந்தாயிற்று.

கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்வார்கள். கரண்ட் கம்பியில் கொக்கி போடுவார்கள். டிரான்ஸ்பார்மரின் கணக்கில் அறுபது வீடு, உண்மையில் தொங்குவது முந்நூறு. வெயில் காலத்து ராத்திரியில் எல்லா விசிறியும் சுற்றும்போது எண்ணெய் கொதித்து அது வெடிக்கும். அன்று இருட்டில் உட்காருவது கொக்கி போட்டவர் மட்டுமில்லை, பில் கட்டிய நீங்களும்தான். தண்ணீருக்கு லாரிக்காரரிடமும் தள்ளுவண்டிக்காரரிடமும் போவார்கள். ஜகார்த்தா, மணிலா, நைரோபி குடிசைப் பகுதிக்காரர்கள், அதே நகரத்தின் பணக்காரப் பகுதியைவிட லிட்டருக்கு 5 முதல் 10 மடங்கு கொடுக்கிறார்கள் என்று ஐ.நா.வின் 2006 மனித வளர்ச்சி அறிக்கை சொன்னது. குடிசைக்காரர் காசு கொடுக்க மாட்டார் என்று எந்தக் கூட்டத்தில் யார் சொன்னாலும் எனக்கு அந்த எண்கள்தான் ஞாபகம் வரும். கொடுக்கிறார். குடிநீர் வாரியத்துக்கு வர வேண்டிய காசு லாரி முதலாளிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: குழாய் வராத இடத்தில் போர்வெல் போட்டுக்கொண்டால் போயிற்று. அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?
– போர்வெல் தொழில் செய்பவர்

பதில்: உங்கள் தொழில் நன்றாக நடக்கட்டும், ஆனால் இரண்டு நகரங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஜகார்த்தாவில் குழாய் எட்டாத வீடுகளும், எட்டினாலும் போதாத பெரிய கட்டடங்களும் ஆலைகளும் பூமிக்கடியிலிருந்து இழுத்ததில், வட பகுதியில் சில இடங்கள் 1970களுக்குப் பிறகு 4 மீட்டர் வரை இறங்கிவிட்டன. கடலைத் தடுக்கச் சுவர் கட்டுகிறார்கள். சுவரும் சேர்ந்து இறங்குகிறது. 2019இல் தலைநகரத்தையே வேறு தீவுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள்.

மெக்சிகோ நகரம் பழைய ஏரிப் படுகை மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே 1910இல் விடுதலைத் தேவதைக்கு ஓர் உயரமான தூண் எழுப்பினார்கள். ஆழ அடித்தளம் போட்டதால் தூண் நின்ற இடத்திலேயே நிற்க, சுற்றியிருந்த தெரு இறங்கிப் போனது. பிறகு தூணுக்கு ஏறிப் போக 14 படிகள் சேர்த்துக் கட்ட வேண்டியதாயிற்று. ஆனால் எனக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம் அந்தத் தூண் இல்லை. 1900இல் அதே நகரத்தின் கழிவுநீரை வெளியே கொண்டுபோக ஒரு பெரிய கால்வாய் வெட்டினார்கள். சரிவில் தானாக ஓடுகிற கால்வாய். நகரம் இறங்க இறங்கச் சரிவு போய்விட்டது. அப்புறம் பம்பு வைத்துத் தள்ளினார்கள். சாக்கடைக்காரனுக்குச் சரிவுதான் சொத்து சார். அது போனால் எல்லாம் போச்சு.

கேள்வி: நாங்கள் நாலு மாதம் ஒரு கட்டட வேலை, அடுத்த நாலு மாதம் வேறு இடம் என்று குடும்பத்தோடு தகரக் கொட்டகையில் இருக்கிறோம். எங்களை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பார்கள்?
– சித்தாள் வேலை பார்க்கும் வாசகி (மகளிடம் சொல்லி எழுதியது)

பதில்: அம்மா, பெரும்பாலும் எதிலும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பல நாடுகளில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை. கணக்கெடுக்க வருகிற அன்று நீங்கள் இருந்த கொட்டகை அடுத்த வருஷம் இருக்காது.

இதில் என் பங்கும் உண்டு. நான் இளைஞனாக இருந்தபோது ஒரு புறநகருக்குக் குடிநீர்க் குழாய் வரைபடம் தயாரித்தேன். வாங்கிய அடிப்படை வரைபடத்தில் ஓர் இடம் ‘காலி நிலம்’ என்று வெள்ளையாக இருந்தது. ஒருநாள் அளவெடுக்கப் போனபோது அங்கே அடுப்புப் புகை. தகரமும் தார்ப்பாயுமாக ஒரு முந்நூறு வீடு. நாங்கள் கட்டிக்கொண்டிருந்த சுத்திகரிப்பு நிலையத்துக்கு மண் சுமந்தவர்களே அங்கேதான் இருந்தார்கள். அலுவலகத்தில் வந்து சொன்னேன். அங்கீகாரம் இல்லாத குடியிருப்பை வரைபடத்தில் காட்டினால் அது அங்கீகாரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும், வெள்ளையாகவே இருக்கட்டும் என்றார்கள். நானும் எதிர்த்துப் பேசவில்லை; வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். அந்த வெள்ளை இடத்தைப் பூஜ்யம் பேர் என்று கணக்கில் வைத்து நான்கு அங்குலக் குழாயோடு முடித்தேன்.

பதினோரு வருஷம் கழித்து அந்த இடத்துக்குப் பட்டா கிடைத்தது. அதற்குள் இரண்டாயிரம் வீடு. நாலு அங்குலக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுப் பன்னிரண்டு அங்குலம் போட அதே தெருவுக்கு நானே மேலதிகாரியாகப் போனேன். சந்து சந்தாக வீட்டு வாசற்படியை உடைத்துத்தான் பதிக்க முடிந்தது. முதலிலேயே போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு. ஒரு வீட்டு அம்மா உடைந்த படியைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

உங்கள் மகளின் கையெழுத்து நன்றாக இருக்கிறது. எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறீர்கள், நாலு மாதம் கழித்து என்ன செய்வீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: மேம்பாலம் கட்டினால் நெரிசல் தீருமா?
– ஆட்டோ ஓட்டுநர்

பதில்: அடுத்த சிக்னல் வரைக்கும் தீரும். என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். பஸ்ஸுக்கென்று தனிப் பாதை ஒதுக்கிய பிரேசிலின் குரிடிபா (1974), கொலம்பியாவின் பொகோட்டா (2000) மாதிரி நகரங்கள் காரை நகர்த்தாமல் ஆளை நகர்த்தினார்கள். கொலம்பியாவின் மெடெயீனில் வந்தவர்கள் குடியேறியது செங்குத்தான மலைச்சரிவில்; பஸ் ஏற முடியாது. 2004இல் கேபிள் கார் போட்டு அதை மெட்ரோ ரயிலோடு சேர்த்துவிட்டார்கள். சுற்றுலாவுக்காக இல்லை, வேலைக்குப் போக.

கேள்வி: எப்போதும் நகரத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். ஆள் போன கிராமம் என்ன ஆகிறது? எங்கள் பள்ளியில் வருஷா வருஷம் பிள்ளைகள் குறைகிறார்கள்.
– கிராமப் பள்ளி ஆசிரியை

பதில்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் டீச்சர். உங்கள் கேள்விக்கும் என்னிடம் குழாய் பதில்தான் இருக்கிறது, ஆனால் இது அவ்வளவாக யாரும் பேசாதது.

ஐந்நூறு வீட்டுக்கென்று ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். இருநூறு வீடு பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் தாராளமாக இருக்குமே என்று தோன்றும். நடப்பது வேறு. செலவாகாத தண்ணீர் தொட்டியிலும் குழாயிலும் நாள்கணக்கில் தேங்கும். கலந்த குளோரின் தீர்ந்துவிடும், கிருமிக்குக் காவல் போய்விடும். மோட்டார் அதேதான், கரண்ட் பில் பெரிதாகக் குறையாது, பம்பு இயக்குபவர் சம்பளமும் அதேதான். கொடுப்பதற்கு மட்டும் ஆள் குறைவு. வால்வு உடைந்தால் பஞ்சாயத்துக்குப் போய்ச் சண்டை போடுகிற வயதில் உள்ளவர்கள் நகரத்தில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார்கள். மிச்சமிருப்பவர் பெரியவர்கள், பழைய கிணற்றுக்கே திரும்பிவிடுவார்கள். வாய்க்கால் தூர் வாருவதும் அப்படித்தான்: இளவட்டம் இல்லாத ஊரில் வாய்க்காலுக்கு வயது சீக்கிரம் ஆகும். நகரத்திலிருந்து பணம் வரத்தான் செய்கிறது. வீட்டுக்கு டைல்ஸ் போடுகிறார்கள். வீட்டுப் பணம் வாய்க்காலுக்குப் போகாது.

பள்ளியைப் பற்றி எச்சரிக்கையாக ஒன்று. சீனாவில் 2001இலிருந்து பிள்ளைகள் குறைந்த கிராமப் பள்ளிகளை மூடி, பெரிய பள்ளிகளோடு இணைத்தார்கள். கணக்குக்குச் சரிதான். ஆனால் சின்னப் பிள்ளைகள் ரொம்ப தூரம் நடக்கவோ, விடுதியில் தங்கவோ வேண்டியதாகி, தகப்பன் தாய் “பிள்ளை படிப்புக்காகவாவது டவுனுக்குப் போய்விடலாம்” என்று கிளம்பினார்கள். 2012இல் அரசாங்கமே கண்மூடித்தனமாக இணைப்பதை நிறுத்தச் சொன்னது. உங்கள் பள்ளியை மூட யாராவது வந்தால், நகரத்தில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு தண்ணீர் இணைப்பும் ஒரு வகுப்பறை இடமும் தர என்ன செலவாகும் என்பதையும் சேர்த்துக் கணக்குக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் இப்போதுதான் நகராட்சி ஆகியிருக்கிறது. கையில் பணம் இல்லை. ஒரே ஒரு வேலை செய்யலாம் என்றால் என்ன செய்வோம்?
– புதிதாகத் தேர்வான கவுன்சிலர்

பதில்: ஊருக்கு வெளியே, இன்னும் யாரும் வராத வயலிலும் பொட்டலிலும் போய்க் கோடு போடுங்கள். ரோடு போடச் சொல்லவில்லை, கோடு. எதிர்காலத்தில் பெரிய ரோடும், அதன் ஓரமாகக் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கம்பியும் எங்கே போகப் போகின்றன என்று அளந்து கல் நட்டு, அந்த அகலத்தில் மட்டும் யாரும் கட்டக்கூடாது என்று பதிவு செய்துவிடுங்கள். காலி நிலத்தில் இதற்கு அளவுச் சங்கிலி பிடிக்கிற இரண்டு ஆள் போதும். வீடு வந்த பிறகு செய்தால் கோர்ட்டு, நஷ்டஈடு, புல்டோசர், கண்ணீர்.

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1811இல் கோடு போட்டபோது அங்கே ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குப் பக்கம்தான். கோடு 155ஆம் தெருவரை போயிற்று. பணக்கார ஊர் உதாரணம் என்பீர்கள். பெருவின் லிமாவுக்கு வாருங்கள். 1971இல் மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார்கள். அரசாங்கம் அவர்களை நகரத்துக்குத் தெற்கே வெறும் பாலைமணலில் கொண்டுபோய் விட்டது. தண்ணீரும் இல்லை, கரண்டும் இல்லை. ஆனால் மணலில் சதுரம் சதுரமாகக் கோடு கிழித்து, மனை, தெரு, நடுவில் பள்ளிக்கும் விளையாட்டுக்கும் பொது இடம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். பாயைச் சுவராக நட்டுக் குடியேறினார்கள். பிறகு ஒவ்வொரு குழுவாகப் போராடித் தண்ணீரும் கரண்டும் வாங்கினார்கள். குழாய் வந்தபோது போவதற்கு வழி இருந்தது. எந்தப் படியையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. வில்லா எல் சல்வடோர் என்று பெயர். அந்த ஊருக்கு 1987இல் ஸ்பெயினில் ஒரு பெரிய விருதுகூடக் கொடுத்தார்கள்.

கோடு போடும்போது ஒரு தொல்லை வரும். கோடு எந்தப் பக்கம் போகிறது என்று உங்கள் சக கவுன்சிலர்களுக்கு முதல் நாளே தெரிந்து, இரண்டாம் நாள் அங்கே நிலம் வாங்கியிருப்பார்கள். ஒரே நாளில் மொத்தக் கல்லையும் நட்டுவிடுங்கள்.

கேள்வி: புது ரோடு போட்ட மறுவாரமே வந்து குழாய்க்குத் தோண்டுகிறீர்களே, போன வாரம் தோண்டக்கூடாதா?
– எரிச்சலில் ஒரு வாசகர்

பதில்: போன வாரம் தோண்டத்தான் இருந்தோம் சார். தோண்ட அனுமதி இந்த வாரம்தான் வந்தது.